மூன்று சென்டிமீட்டர் குறைத்த துப்பாக்கி

கூஹ்மோ
11 ஜனவரி 1976

அன்புள்ள தம்பி தவுனோவுக்கு,

அக்கா ஹெல்வி எழுதுவது. பின்லாந்தின் இந்த மூலையில் உன் அத்தானும் நானும் ஒன்பது பசுக்களும் நலமாக இருக்கிறோம். ஸ்வீடனில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? பட்டறையில் இரும்புத் தூள் நெஞ்சுக்குள் போகாமல் மூக்கைத் துணியால் கட்டிக்கொள்கிறாயா? இங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு. கொட்டகைக் கதவு உறைந்துபோய், தினமும் கோடாரியின் பின்பக்கத்தால் தட்டித்தான் திறக்கிறேன்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். அக்டோபரில் உன் அத்தான் ஔலிஸுக்கு ஐம்பது வயது நிறைகிறது. அவருக்கு ஒரு துப்பாக்கி வாங்கித் தரலாம் என்று நினைத்திருக்கிறேன். மூஸ் மான் வேட்டைக்கு ஏற்ற, போல்ட் இழுத்துச் சுடும் வகை. இரண்டு காளைக் கன்றுகளை விற்ற பணம் அறுநூறு மார்க் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு மார்க் கூடக் கிடையாது. நீ ஸ்வீடன் போவதற்கு முன் கயானியில் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் மூன்று வருடம் வேலை செய்தவன். உன்னை விட்டால் நான் யாரைக் கேட்பேன்?

போனில் மட்டும் இதைப் பேசாதே. போன் சமையலறையில் இருக்கிறது, உன் அத்தானுக்குப் பாம்புக் காது.

உன் அக்கா,
ஹெல்வி


வெஸ்டெரோஸ்
2 பிப்ரவரி 1976

அன்புள்ள அக்காவுக்கு,

தவுனோவின் வணக்கம். உன் கடிதம் வந்தபோது காய்ச்சலில் படுத்திருந்தேன். இப்போது எழுந்து நடமாடுகிறேன், கவலைப்படாதே. அத்தானுக்கும் பசுக்களுக்கும் என் விசாரிப்பு.

அத்தானின் பழைய துப்பாக்கிக்கு என்ன கேடு வந்தது? சுவரில் அது தொங்காவிட்டால் வீடே சாய்ந்துவிடும் என்பாரே. சரி, பரிசு என்றால் பரிசுதான். நான் கேள்வி கேட்கவில்லை.

விலை குறைந்த துப்பாக்கி என்றால் மட்டமான துப்பாக்கி என்று நினைத்துவிடாதே. கடையில் பளபளவென்று நிற்பவற்றின் விலையில் பாதி மரத்துக்கும் அதன் மேல் செதுக்கிய இலைகளுக்கும் போகிறது. மான் அந்த இலைகளைப் பார்க்கப் போவதில்லை. குழல் சுத்தமாக இருக்க வேண்டும், போல்ட் ஆடாமல் பூட்ட வேண்டும், தோளில் ஊன்றும் மரக்கட்டை உடம்புக்குப் பொருந்த வேண்டும். மற்றதெல்லாம் அலங்காரம். அறுநூறையும் துப்பாக்கியிலேயே போட்டுவிடாதே. நூறு மார்க்காவது தோட்டாவுக்கு ஒதுக்கு. நல்ல துப்பாக்கியை வாங்கிவிட்டு, தோட்டா வாங்கக் காசில்லாமல் பழகாமலே காட்டுக்குப் போனவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

கட்டையின் நீளத்துக்கு எனக்கு ஓர் அளவு தேவை. முழங்கையை மடக்கி, மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் கணு வரை எத்தனை சென்டிமீட்டர்? அத்தான் தூங்கும்போது அளந்து எழுது. அவர் விழித்துக்கொண்டு என்னவென்று கேட்டால் ஸ்வெட்டர் பின்னுவதாகச் சொல்லிவிடு.

தம்பி,
தவுனோ


கூஹ்மோ
24 பிப்ரவரி 1976

அன்புள்ள தவுனோ,

காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். அளவு எடுத்துவிட்டேன். முப்பத்தொன்றரை சென்டிமீட்டர். இரண்டு தடவை அளந்தேன்.

பழைய துப்பாக்கி ரொம்பக் கனம். சுட்டால் கழுதைபோல் உதைக்கிறது. தோளில் நீலம் பாய்ந்து ஒரு வாரத்துக்குப் பால் கறக்கக் கை தூக்க முடியவில்லை. அவருக்குத்தான் சொல்கிறேன், அவருக்கு இப்போது தோள்வலி.

இதுவரை மூன்றைப் பார்த்தேன். கயானிக் கடையில் புதியது ஒன்று, ஆயிரத்து நூற்றைம்பது மார்க். கையில் எடுத்தபோது ஆசையாகத்தான் இருந்தது, வைத்துவிட்டேன். இரண்டாவது, சந்தையில் ஒருவன் வைத்திருந்த இராணுவத் துப்பாக்கி. விலை இருநூறுதான், ஆனால் போல்ட்டைத் திறக்க மேசை மேல் ஊன்றி இழுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது, ஓய்வு பெற்ற வனக்காவலர் வில்யாமி விற்க நினைப்பது. ஸ்வீடன் இராணுவத்தின் பழைய மாவ்சராம், வேட்டைக்காகக் கட்டை மாற்றியிருக்கிறார்கள். குழலில் ஆறரை மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறது. அந்த ஆறரை போதுமா? மூஸ் மான் எவ்வளவு பெரிய உருப்படி! கன்னத்தை வைத்துப் பார்த்தேன், மேலே பொருத்திய தொலைநோக்கியில் கண் சரியாக விழவில்லை. கழுத்தை நீட்டவேண்டியிருக்கிறது.

சீக்கிரம் எழுது. வில்யாமி வேறு யாருக்காவது கொடுத்துவிடப் போகிறார்.

ஹெல்வி


வெஸ்டெரோஸ்
9 ஏப்ரல் 1976

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரம் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. பட்டறையில் கூடுதல் வேலை. உடம்புக்கு ஒன்றுமில்லை. காலுறை வந்தது, ஸ்வீடன்காரர்கள் பொறாமைப்படுகிறார்கள்.

நன்றாக யோசித்துவிட்டேன். மாவ்சரை விடாதே. ஆறரை போதும். பெரிய தோட்டாதான் மானை வீழ்த்தும் என்று வேட்டைச் சங்கத்தில் மார்தட்டுகிறவர்கள் சொல்வார்கள். மானை வீழ்த்துவது சரியான இடத்தில் படும் குண்டு. உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடும் பெரிய துப்பாக்கியைவிட, கண்ணைத் திறந்தபடி சுடவிடும் சிறிய துப்பாக்கி ஆயிரம் மடங்கு மேல். பத்து கிராம் குண்டு உள்ள தோட்டாவாகக் கேட்டு வாங்கு, சட்டத்துக்கு அது வேண்டும்.

வாங்கும் முன் இவற்றைப் பார். போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழல் வழியே ஜன்னல் வெளிச்சத்தைப் பார். உள்ளே திருகு வரிகள் கூர்மையாக, துரு இல்லாமல் தெரிய வேண்டும். குழல் வாயின் விளிம்பை நகத்தால் தடவு. அங்கே ஒரு சிறு அடி பட்டிருந்தாலும் குண்டு திசை மாறும். திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால் தெரியாதவன் எவனோ பிரித்திருக்கிறான். கைப்பிடிக்கு மேலே, இரும்பு மரத்தோடு சேரும் இடத்தில், தலைமுடி போல் விரிசல் இருக்கிறதா என்று பார். மேலே நீல மெருகு தேய்ந்திருந்தால் அது குறையே இல்லை. தோளில் சுமந்தவன் நிறைய நடந்திருக்கிறான், அவ்வளவுதான்.

வாங்கியதும் கட்டையின் அடியில் மூன்று சென்டிமீட்டர் வெட்ட வேண்டும். அத்தான் அக்டோபரில் தடித்த கோட்டு போட்டுக்கொள்வார் அல்லவா, அந்தத் தடிமனுக்காகத்தான். படம் வரைந்து வைத்திருக்கிறேன். வெட்டும் இடத்தில் ஒட்டு நாடா சுற்றிவிட்டு, நுண்ணிய பல் ரம்பத்தால் மெதுவாக அறு. மரம் பிசிறாது.

உன்னால் முடியும்.

தவுனோ


கூஹ்மோ
16 மே 1976

அன்புள்ள தம்பி,

ஏரியில் பனிக்கட்டி உடைந்துவிட்டது. நாங்கள் நலம். உனக்கும் அங்கே வெயில் வந்திருக்கும்.

வாங்கிவிட்டேன்! நடந்ததைச் சொல்கிறேன் கேள்.

வில்யாமி காபியை ஊற்றிவிட்டு, "யாருக்கு?" என்றார்.

"ஔலிஸுக்கு."

"அப்ப அவனே வந்து பாக்கட்டும். பொம்பளைகிட்ட துப்பாக்கி வித்தேன்னு ஊர்ல பேசுவானுங்க."

"பிறந்தநாளுக்கு. நீங்க வாயைத் திறந்தீங்கன்னா, உங்க வீட்டுக்கு வர்ற பாலை நிறுத்திடுவேன்."

பிறகு நீ எழுதியிருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தேன். போல்ட்டைக் கழற்றினேன், குழலை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன், விளிம்பை நகத்தால் தடவினேன், ஒவ்வோர் ஆணியாகப் பார்த்தேன். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, நீ துப்பாக்கி வாங்க வந்தியா, குத்தம் கண்டுபிடிக்க வந்தியா? என் மாமியார்கூட எனக்குப் பொண்ணு குடுக்கறப்ப இவ்வளவு பாக்கலை."

"பாத்திருக்கணும்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் காபி சட்டையில் கொட்டிவிட்டது. தோல் வாரும் தொலைநோக்கியும் சேர்த்து நானூற்றைம்பதுக்குக் கொடுத்தார். வாசல் வரை வந்து, "இருபத்திரண்டு வருஷம் சுமந்தேன். ஈரத்தோட உறையில போட்டுடாத" என்றார். அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கட்டையை நானே அறுத்தேன். பிசிறே இல்லை. இப்போது கன்னத்தை வைத்ததும் கண் தானாகத் தொலைநோக்கிக்குள் போய் உட்காருகிறது. காவல் அதிகாரியிடம் அனுமதிச் சீட்டு என் பெயரில்தான் எடுத்தேன், இல்லாவிட்டால் இரகசியம் வெளியே வந்துவிடுமே.

ஹெல்வி


வெஸ்டெரோஸ்
8 ஜூன் 1976

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய விருப்பம். உன் கடிதத்தைப் பட்டறையில் இடைவேளையில் படித்துவிட்டு நான் சிரித்ததைப் பார்த்து, பக்கத்து இயந்திரத்து யூகோஸ்லாவியன் காரணம் கேட்டான். சொன்னேன். "உன் அக்காவை இங்கே அனுப்பு, மேற்பார்வையாளர் வேலைக்கு" என்கிறான்.

ரப்பர் அட்டை ஒன்று பார்சலில் வருகிறது. கட்டையின் அடியில் திருகிவிடு, உதை பாதியாகும். தோட்டா போடாமல் வீட்டிலேயே ஒரு பயிற்சி உண்டு. குழல் மேல் ஒரு காசை நிற்க வைத்துவிட்டு விசையை அழுத்த வேண்டும். காசு விழக்கூடாது. தினமும் இருபது தடவை. அத்தானுக்கும் இது நல்லதுதான்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். அத்தான் உண்மையில் எப்படி இருக்கிறார்? ஐந்து மாதமாக உன் கடிதங்களில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

தவுனோ


கூஹ்மோ
2 ஜூலை 1976

அன்புள்ள தவுனோ,

அனைவரும் நலம். புல் அறுப்பு நடக்கிறது. மழைக்கு முன் முடிக்க வேண்டும். கொசு தாங்கவில்லை. பார்சல் வந்தது.

காசு விழுவதில்லை.

ஹெல்வி


வெஸ்டெரோஸ்
20 ஜூலை 1976

அன்பு அக்கா,

இங்கே நான் நலம். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் பிப்ரவரிக் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்தொன்றரை சென்டிமீட்டர் அத்தானின் கை இல்லை. அவருடைய கோட்டை நான் போட்டுப் பார்த்திருக்கிறேன், கை என் விரல்நுனி தாண்டித் தொங்கும். நீ அளந்து அனுப்பியது உன் கை. அந்த ஆறு வாரமும் கூடுதல் வேலை எதுவும் இருக்கவில்லை. கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கேட்டால் நீ நிறுத்திவிடுவாயோ என்று பயந்து, கோட்டின் தடிமன் என்று ஒரு பொய்யை எழுதினேன். அந்தக் கட்டையை உனக்காகத்தான் குறைக்கச் சொன்னேன்.

எத்தனையோ வேட்டைக்காரர்கள் கடைக்கு வந்து பார்த்திருக்கிறேன். உன்னைப்போல் கேட்டவர்கள், கேட்டதைச் செய்தவர்கள் மிகச் சிலர். ஆனால் நீ எதற்காக இதையெல்லாம் ஒளித்துச் செய்கிறாய்? வீட்டில் என்ன நடக்கிறது? அத்தானுக்கு என்ன?

எதுவானாலும் எழுது. நான் உன் தம்பி.

தவுனோ


கூஹ்மோ
22 ஆகஸ்ட் 1976

அன்புள்ள தம்பி தவுனோவுக்கு,

உடம்புக்கு நான் சுகம். உன் கடிதத்தை ஒரு மாதம் ஏப்ரன் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இப்போது எழுத முடிகிறது.

உன் அத்தானுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. போன நவம்பரில் கவனித்தேன். காபியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உன் கடிதங்களை வேண்டுமென்றே மேசை மேல் திறந்து போட்டுவைத்தேன், எடுத்துப் பார்த்துச் சண்டைக்காவது வருவாரா என்று. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அவர் இருபத்தைந்து வருடமாகச் சங்கத்தின் வேட்டையில் சதுப்பு ஓரத்துக் காவலிடத்தில் மானுக்காகத் துப்பாக்கியோடு காத்து நிற்பவர். இந்த அக்டோபரிலும் நிற்பார். கண் தெரியாத மனிதர் கையில் தோட்டா போட்ட துப்பாக்கி, காட்டுக்குள் மானை விரட்டிவரும் பதினான்கு ஆட்கள். சங்கத்தில் சொன்னால் மறுநாளே துப்பாக்கியைப் பிடுங்கிவிடுவார்கள், மனிதர் அதோடு படுத்துவிடுவார். அந்த இடத்தில் நிற்க நான் தகுதியாகிவிட்டால், ஏதாவது சொல்லி அவரை உட்கார வைக்கலாம் என்று நினைத்தேன். எப்படி என்று யோசிக்கவில்லை. முதலில் சுடக் கற்றுக்கொள்வோம் என்று ஆரம்பித்துவிட்டேன்.

விஷயம் எப்படி வெளியே வந்தது தெரியுமா? அனுமதிச் சீட்டு. சங்கத் தலைவர் பென்த்தி கூட்டுறவுக் கடையில் வைத்து, "என்னப்பா ஔலிஸ், இனிமே உங்க வீட்டுல வேட்டைக்கு யாரு, சமையலுக்கு யாரு?" என்று கேட்டிருக்கிறார். ஔலிஸ் வீட்டுக்கு வந்து மூன்று நாள் பேசவில்லை. நான்காவது நாள் நான் சரளைக்கல் பள்ளத்தில் அட்டையைக் கட்டிச் சுட்டுக்கொண்டிருந்தேன். நான்கு குண்டு முடிந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாலாவதுல மூச்சைப் பிடிச்சுக்கிட்ட, ஹெல்வி."

கையில் தடியோடு மேட்டில் நின்றார். தூக்கிவாரிப் போட்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் மூணுக்கும் நடுவுல ஒரே இடைவெளி. நாலாவதுக்கு ரொம்ப நேரம் எடுத்த. பயந்து இழுத்திருப்ப. கீழ போயிருக்கும், பாரு."

போய்ப் பார்த்தேன். மூன்று குண்டுகள் ஒரு காபித் தட்டுக்குள் இருந்தன. நான்காவது ஒரு சாண் கீழே.

திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். தடியால் சரளைக்கல்லைக் கிளறிக்கொண்டே, "எத்தனை நாளா தெரியும்?" என்றார்.

"நவம்பர்லேர்ந்து."

"சொல்லியிருக்கலாமே."

"நீ சொல்லியிருக்கலாமேய்யா."

அவர் என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, போல்ட்டைத் திறந்து காலியா என்று விரலை விட்டுப் பார்த்தார். பிறகு முழுவதையும் கையால் தடவினார். அறுத்த இடத்தில் விரல் நின்றது. "யாரு வெட்டினா?" "நான்தான்." "நேரா இருக்கே" என்றார். தம்பி, இருபத்து மூன்று வருடத்தில் என் சமையலைக்கூட அவர் அப்படிப் பாராட்டியதில்லை.

அன்றிலிருந்து தினமும் பள்ளத்துக்கு வருகிறார். முதுகைக் காட்டி உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுத் திருத்துகிறார். நடுவில் புகைபோல் மறைக்கிறதாம், ஓரங்களில் தெரிகிறதாம். அடுத்த மாதம் ஔலு நகர மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறேன்.

உன் அக்கா,
ஹெல்வி


வெஸ்டெரோஸ்
5 செப்டம்பர் 1976

அன்பு அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இருவரையும் கட்டி அணைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டு.

அத்தான், உங்களை நான் குறைவாக எடைபோட்டுவிட்டேன். காதால் குண்டு போன இடத்தைச் சொல்லும் ஆளிடம் கயானிக்குப் பதிலாக நான் அந்த மூன்று வருடமும் பயின்றிருக்க வேண்டும்.

அக்கா, வேட்டைக்கு முன் நடக்கும் சுடும் சோதனைக்கு முந்தைய நாள் சுடாதே. துப்பாக்கியைச் சுத்தம் செய்து வைத்துவிட்டு சௌனா நீராவி அறையில் நன்றாக வியர்த்துவிட்டுத் தூங்கு. இந்தக் கவரில் இருநூறு ஸ்வீடன் குரோனர் வைத்திருக்கிறேன், தோட்டாவுக்கு. மறுக்காதே.

தவுனோ


கூஹ்மோ
24 அக்டோபர் 1976

அன்புள்ள தவுனோ,

நலம் விசாரித்து நேரத்தை வீணாக்க மாட்டேன், சொல்ல நிறைய இருக்கிறது. ஔலுவில் வைத்தியர் கண் திரும்ப வராது என்றார், ஓரப் பார்வை மிஞ்சுமாம். வழியில் பேருந்தில் ஔலிஸ் தூங்கிவிட்டார். மாதக்கணக்கில் தூங்காத ஆள்போல் தூங்கினார்.

சுடும் சோதனையில் முதல் தடவை தோற்றேன். எழுபத்தைந்து மீட்டரில் மான் படம், நான்கும் வட்டத்துக்குள் விழ வேண்டும். ஒன்று விளிம்புக்கு வெளியே. பின்னால் நின்றவர்கள் செருமினார்கள். அடுத்த வாரம் திரும்பப் போனேன். நான்கும் உள்ளே.

வேட்டைக்கு முந்தைய கூட்டத்தில் ஔலிஸ் எழுந்து நின்றார். இப்படிச் செய்வார் என்று எனக்கே தெரியாது.

"எனக்குக் கண்ணு போச்சு. என் இடத்துல ஹெல்வி நிப்பா, நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். ஆட்சேபணை இருந்தா என் முன்னாடியே சொல்லுங்க, முதுகுக்குப் பின்னாடி வேணாம். எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

பென்த்திதான் வாயைத் திறந்தார். "பொம்பளையைக் காவல்ல நிறுத்தினா பக்கத்துச் சங்கத்துக்காரன் சிரிப்பானே."

மூலையிலிருந்து வில்யாமி சொன்னார்: "அவ ரெண்டாவது தடவையிலேயே நாலையும் உள்ள போட்டா. உனக்கு எத்தனை தடவை ஆச்சு பென்த்தி, அஞ்சா ஆறா?" சிரிப்பு அடங்கியபோது என் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது.

முதல் நாள் காலை சதுப்பின் மேல் மூடுபனி. ஔலிஸ் ஒரு அடிமரத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் என் முழங்கையைத் தொட்டார். ரொம்ப நேரம் கழித்துத்தான் சுள்ளி முறிவது எனக்குக் கேட்டது. புதருக்குள்ளிருந்து மான் வெளியே வந்தது, நாற்பது அடி தூரம், பக்கவாட்டில். சிலுவைக் கோடு தோளுக்குப் பின்னால் சரியாக நின்றது. விரல் விசையில். அப்போது காதருகே ஔலிஸின் முணுமுணுப்பு: "தாய். பின்னாடி இன்னொண்ணு நடக்குது, சின்னக் கால்."

மானுக்குப் பின்னால் எனக்குத் தெரிந்ததெல்லாம் புதர்தான். ஆனாலும் விரலை எடுத்தேன். பாதுகாப்புப் பூட்டைப் பழையபடி தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் குட்டி வெளியே வந்து தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. இரண்டும் மூடுபனிக்குள் நடந்து போயின.

மதியம் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தபோது பென்த்தி, "நாப்பது அடியில வந்ததை விட்டுட்டாளா?" என்று உறுமினார். மூன்றாம் நாள் ஒரு இளம் ஆண் மான் வந்தது. ஒரே குண்டு. முப்பது அடிக்குள் விழுந்தது. பென்த்தியே வந்து கை குலுக்கினார், தொப்பியைக் கழற்றிவிட்டு.

உனக்கு உலர்த்திய இறைச்சி வருகிறது.

ஹெல்வி


கூஹ்மோ
14 நவம்பர் 1976

தம்பி தவுனோவுக்கு,

ஔலிஸ் எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது, அநேகமாகக் கடைசியும். அட்டையை வைத்துக்கொண்டு அதன் ஓரமாகவே எழுதுகிறேன். வரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். எழுதியதைத் திரும்பப் படிக்க என்னால் முடியாது. அதுவும் நல்லதுதான், படித்தால் கிழித்துவிடுவேன்.

ஹெல்வி உனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். அவளுக்கே தெரியாத ஒன்றை நான் எழுதுகிறேன்.

போன வருட வேட்டையில் இரண்டாம் நாள். மாலைச் சாய்வு வெளிச்சம். சதுப்பின் அந்தப் பக்கத்திலிருந்து கறுப்பாக ஒன்று வந்தது. நடுப்பார்வையில் புகை இருந்தது, ஆனால் அசைவதும் உயரமும் தெரிந்தன. இருபத்தைந்து வருடப் பழக்கம், துப்பாக்கி தானாகத் தோளுக்கு ஏறியது. விசையின் முதல் பாதியை அழுத்திவிட்டேன். மிச்சம் ஒரு நகம் அளவு.

அந்தக் கறுப்பு பேசியது. "ஔலிஸ், காபி கொண்டுவந்தேன், சர்க்கரை எடுக்க மறந்துட்டேன்யா."

நான் துப்பாக்கியை இறக்கினேன். ஹெல்வி எதையும் பார்க்கவில்லை, சதுப்பில் கால் வைக்க இடம் தேடிக் கீழே பார்த்துக்கொண்டு வந்தாள். காபி குடித்தேன். அவள் போனதும் தோட்டாக்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். அந்தப் பருவம் முழுவதும் காலித் துப்பாக்கியோடுதான் நின்றேன். இந்த வருடமும் அப்படித்தான் நிற்க நினைத்திருந்தேன். கண் போனதைவிட அதைச் சொல்ல வாய் வராததுதான் எனக்கு அவமானம்.

வாய் வராத என்னைத் திட்டாமல், காட்டிக்கொடுக்காமல், அவள் தானே துப்பாக்கி தேடி, பேரம் பேசி, கட்டை அறுத்து, தோள் வீங்கப் பழகியிருக்கிறாள். குறி தவறாமல் சுடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று காலை அந்தத் தாய் மான் வந்தபோது, வெடிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெடிக்கவில்லை. பாதுகாப்புப் பூட்டு 'டிக்' என்று பின்னால் போய் விழுந்தது. கண்ணால் பார்க்காததை, நான் சொன்ன ஒரு சொல்லுக்காக நம்பி, கையில் வந்ததை விட்டாள். இந்தக் காட்டில் நான் கேட்ட சத்தங்களிலேயே அதுதான் உயர்ந்தது.

இதை அவளிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் கவரை ஒட்டாமல் அவளிடமே கொடுக்கப் போகிறேன், முகவரி எழுதித் தபாலில் சேர்க்கச் சொல்லி. அவள் படிப்பாள்.

ஔலிஸ்

தம்பி, இனி அக்கா எழுதுகிறேன். அவர் கவரை மேசையில் வைத்துவிட்டு, விறகு எடுத்து வருகிறேன் என்று போனார். முக்கால் மணி நேரம் ஆகிறது. விறகுக் கொட்டகை இருபது அடி தூரம்தான். ஜன்னல் வழியே பார்க்கிறேன், கையில் ஒரு விறகும் இல்லாமல் பனியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். தொப்பிகூடப் போடவில்லை. காபி ஊற்றிவிட்டேன். சர்க்கரையும் போட்டு அவரிடம் எடுத்துக்கொண்டு போகிறேன். இதை நாளைக்கு ஒட்டிக்கொள்ளலாம்.

ஹெல்வி